யாரிடம் கொடுத்து வைப்பது?

லண்டனில் இப்போது மாலை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும், சிலருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். வங்கிகளின் வரலாற்றைப் பேச ஒரு செவிலிக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பல வருடமாகக் கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருப்பவள் என்கிற தகுதிதான். நம்மில் பெரும்பாலோர்க்கு அந்தத் தகுதி உண்டு.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் ஒப்பந்தப் பணிக்காகக் கனடாவின் வடகோடிக்கு, நூனவுட் பகுதிக்குப் போனாள். போகுமுன் அவள் குளிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, அங்க எந்த பேங்க்ல அக்கவுண்ட் வைக்கணும்?" என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியாததால் தேடிப் படித்தேன். நூனவுட் 1999-இல் தனி நிலப்பகுதியானது. அங்கே 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது, விமானம்தான். வங்கிக் கிளை இருக்கும் ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற ஊர்களில் மளிகைக் கடைதான் காசோலையை மாற்றித் தரும். பல ஊர்களில் அந்தக் கடை பழைய ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கடைகளிலிருந்து வந்தது.

இந்த ஹட்சன்ஸ் பே கம்பெனி பிறந்தது லண்டனில். 1670-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த சாசனம். 1970 வரை, அதாவது முழுதாக 300 வருடம், அதன் தலைமையகம் லண்டனில்தான் இருந்தது. கனடாவின் வடக்கில் அதன் வணிகச் சாவடிகளில் நாணயம் புழங்கவில்லை. பதப்படுத்திய ஒரு பீவர் தோல்தான் கணக்கின் அலகு. துப்பாக்கிக்கு இத்தனை தோல், கம்பளிக்கு இத்தனை தோல். பின்னாளில் அந்தத் தோல் கணக்குக்கே பித்தளை வில்லைகள் அடித்தார்கள். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரனுக்குக் கடனாகப் பொருள் கொடுப்பார்கள். குளிர்காலம் முழுக்க அவன் பொறிவைத்துப் பிடித்த தோலை வசந்தத்தில் கொண்டுவந்து கட்டுவான். கடையும் வங்கியும் எஜமானும் ஒருவரே.

இதைப் படித்ததும் எனக்கு இலங்கையின் மலைநாடு நினைவுக்கு வந்தது. அங்கே கங்காணி இருந்தார். ஊரிலிருந்து கிளம்பும்போதே வழிச்செலவுக்கு முன்பணம், தோட்டத்தில் அரிசிக் கணக்கு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடன், எல்லாம் அவர் கையில். தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' கூடவே போகும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்துத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளும். துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921-இல். அதுவரை அந்த மனிதர்களுக்கு எந்த வங்கி என்ற கேள்வியே எழவில்லை. வரவு வைக்க ஒன்றுமில்லாத, பற்று மட்டும் கொண்ட கணக்கு அது. கணக்குப் புத்தகமும் இன்னொருவர் கையில்.

அதே மலையில் துரைமார்களுக்கு வங்கி இருந்தது. ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன், தலைமையகம் லண்டன். காப்பித் தோட்டங்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தது. 1869-இல் இலங்கையில் காப்பிச் செடியின் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காப்பி அழிந்தது, 1884 மே மாதம் வங்கியும் விழுந்தது. அந்த வங்கி வெளியிட்ட நோட்டுகள் அப்போது தீவில் பணமாகப் புழங்கின. ஆளுநர் சர் ஆர்தர் கார்டன் துணிந்து, அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்து நோட்டு அச்சிடும் வேலையை அரசே எடுத்துக்கொண்டது. இலங்கை அரசின் ரூபாய் நோட்டு அப்படித்தான் வந்தது. கார்டன் காப்பாற்றியது கையில் நோட்டு வைத்திருந்தவர்களை. வங்கியில் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சென்னை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த, மிகவும் உறுத்துகிற பகுதி இதுதான்.

1906-இல் சென்னையில் பணம் வைத்திருக்கும் ஒருவர் அதை எங்கே போடலாம்? பேங்க் ஆஃப் மெட்ராஸ் இருந்தது. 1843-இல் தொடங்கியது, அரசோடு தொடர்புள்ளது, நிதானமானது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இலிருந்து இருந்தது. அது சிறுவாட்டுக் காசு சேர்ப்பவர்களுக்கு. இவற்றுக்கு அப்பால் கடற்கரையை ஒட்டி பெரிய ஆங்கில வணிக நிறுவனங்கள். பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். இவர்கள் இண்டிகோ, தோல், துணி, கப்பல் முகவாண்மை என்று எல்லாம் செய்தார்கள். கூடவே வைப்புத்தொகையும் வாங்கினார்கள். அர்பத்நாட் கொடுத்த வட்டி கொஞ்சம் கூடுதல். ஓய்வுபெற்ற அதிகாரிகள், வக்கீல்கள், ஜமீன்தார்கள், கணவனை இழந்த பெண்களின் சார்பில் அண்ணன் தம்பிகள் என எல்லோரும் அங்கே போட்டார்கள்.

அவர்கள் எதைப் பார்த்துப் போட்டார்கள்? இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்து இருக்க முடியாது. அர்பத்நாட் பங்குதாரர்களின் கூட்டு நிறுவனம், பதிவுசெய்த கம்பெனி இல்லை. கணக்கை யாருக்கும் காட்டத் தேவையில்லை. பார்த்தது முகத்தை. சர் ஜார்ஜ் கஃப் அர்பத்நாட் சென்னை வணிகர் சபையின் தலைவராக இருந்தவர், சட்டசபை உறுப்பினர், சர் பட்டம் பெற்றவர். ஆளுநர் மாளிகை விருந்தில் இருக்கும் ஒரு மனிதர் நம் பணத்தைத் தின்றுவிடுவாரா?

ஆனால் பணம் சென்னையில் இல்லை. லண்டனில் பி. மக்ஃபேடியன் அண்ட் கோ என்ற பெயரில் இதே நிறுவனத்தின் மறுமுனை இருந்தது. அதை நடத்தியவர் பேட்ரிக் மக்ஃபேடியன். சென்னையில் வாங்கிய பணம் லண்டனில் ஊக வணிகத்தில் கரைந்துகொண்டிருந்தது. ஒருவருடைய நஷ்டத்தை இன்னொருவருடைய வைப்புத்தொகையால் மூடி வருடங்களை ஓட்டினார்கள். 1906 அக்டோபர் 20, சனிக்கிழமை, மக்ஃபேடியன் லண்டன் சுரங்க ரயிலின் முன் பாய்ந்து இறந்தார். திங்கட்கிழமை, அக்டோபர் 22, சென்னையில் அர்பத்நாட் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு ஒரே காலையில் காகிதமானது. வடக்குக் கோடு ரயிலில் நான் தினமும் வேலைக்குப் போகிறவள். இந்த நகரத்தின் மண்ணுக்கடியில் நிகழ்ந்த ஒரு சாவு மயிலாப்பூர் வீடுகளில் இரண்டு நாள் கழித்து ஒப்பாரியானது என்பதைச் சில காலைகளில் நினைத்துக்கொள்வதுண்டு.

சர் ஜார்ஜ் மீது வழக்கு நடந்தது. 18 மாதக் கடுங்காவல் தண்டனை. ஒரு வெள்ளைக்கார 'சர்' சென்னையில் சிறைக்குப் போனது அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தியா! ஆனால் தண்டனையால் யாருக்கும் பணம் திரும்பவில்லை. பின்னியும் அதே சமயத்தில் ஆட்டம் கண்டது, அதைப் பின்னாளில் இன்ச்கேப் பிரபு என்று அறியப்பட்டவர் வாங்கித் தூக்கி நிறுத்தினார்.

கடன்கொடுத்தவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். வழக்கோடு அவர் நிற்கவில்லை. இந்தியர்களுக்கு இந்தியர் நடத்தும் வங்கி வேண்டும் என்று கிளம்பினார். அது சுதேசி அலையின் உச்சம். அதே அக்டோபரில்தான் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனி பதிவானது. 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறந்தது. தேதியைப் பாருங்கள், 40 வருடத்துக்கு முன்பே ஒரு ஆகஸ்ட் 15. நகரத்தாரின் மூலதனமும் செல்வாக்கும் அதற்குப் பின்னால் இருந்தன. கப்பல் கம்பெனியை வெள்ளையர் நசுக்கிவிட்டார்கள், வங்கி இன்றும் இருக்கிறது. ஏன் ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது என்பதை யாராவது தனியாக எழுத வேண்டும்.

நகரத்தாரைப் பற்றி ஒரு சொல். மேற்கத்திய வங்கிகள் கதவு திறக்காத இடத்திலெல்லாம் அவர்கள்தான் வங்கி. கொழும்பு செட்டியார் தெரு, ரங்கூன், பினாங்கு. ரங்கூனில் 'நடப்பு வட்டி'யைக் கோயிலில் கூடித்தான் முடிவு செய்தார்கள். முருகன் சாட்சியாக வட்டி விகிதம்! சிரிக்க வேண்டாம், அது ஒரு பாதுகாப்பு. கோயிலில் சொன்ன சொல்லை மீறுகிறவனுக்கு அடுத்த மாதம் யாரும் கடன் தரமாட்டார்கள், பெண்ணும் தரமாட்டார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு உள்வட்டத்துக்கு மட்டும். பர்மிய விவசாயிக்கு அதனால் என்ன பயன்? 1930-களின் விலை வீழ்ச்சியில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்தது, அவர்களும் அதை விரும்பவில்லை. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். அதற்கு முன்பே, 1921-இல், தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்துவிட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

அர்பத்நாட்டிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம் இதுதானோ? அந்நியனை நம்பாதே, நம்மவனிடம் போடு. தமிழர்கள் உலகத்தில் எங்கே போனாலும் இந்த விதியோடுதான் போனார்கள். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். காரணம் எங்கள் பக்கத்துக் கதை.

நான் பழைய திருவிதாங்கூரின் தென்கோடியைச் சேர்ந்தவள், 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த நிலம் அது. எங்கள் சபைகளில் பெண்கள் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்துக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். பிடியரிசி. பிரசங்கத்தில் தாலந்து உவமை வரும்போதெல்லாம் எஜமானின் பணத்தை மண்ணில் புதைத்து வைத்தவனுக்குத்தான் திட்டு விழும். வங்கி திவாலான ஊரில் அந்தப் பிரசங்கத்தை எப்படிச் செய்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

திருவல்லாவில் 1912-இல் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை திருவாங்கூர் நேஷனல் வங்கியைத் தொடங்கினார். மலையாள மனோரமாவின் அதே மாம்மன் மாப்பிள்ளை. சி.பி. மாத்தனின் குயிலான் வங்கி 1919. இரண்டும் 1937-இல் இணைந்து திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி ஆயின. தென்னிந்தியா முழுக்கக் கிளைகள், நாட்டின் பெரிய வங்கிகளில் ஒன்று. சிரியன் கிறிஸ்தவர்களின் பெருமை. அடுத்த ஆண்டு ஜூனில் கதவு மூடியது.

ஏன் என்பதற்கு இரண்டு விடைகள் இன்றும் உண்டு. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அரசியல் பகையில் வங்கியை ஒழித்தார் என்பது ஒன்று. மாம்மன் மாப்பிள்ளையும் மாத்தனும் சென்னையில் கைதாகித் திருவிதாங்கூருக்குக் கொண்டுபோகப்பட்டதையும், மனோரமா முத்திரையிடப்பட்டதையும் பார்த்தால் இதைத் தள்ளிவிட முடியாது. வங்கியின் உள்நிலையே பலவீனம் என்பது இன்னொன்று. 1935-இல்தான் பிறந்த ரிசர்வ் வங்கி கேட்ட உதவியைச் செய்யவில்லை. எந்த விடை சரியாக இருந்தாலும் பணம் போட்டவருக்கு ஒன்றுதான். தன் சபைக்காரரை நம்பிப் போட்ட பணம், தன் சபைக்காரரோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. நம்மவர் வங்கிக்கு இந்த ஆபத்து உண்டு. நம்மவரின் எதிரிகளையும் அது கூடவே வாங்கிக்கொள்கிறது.

1960 ஆகஸ்டில் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. மறுபடியும் கேரளம், மறுபடியும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஆனால் இந்த முறை ஒன்று நடந்தது. 1962 ஜனவரி 1 அன்று வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் தொடங்கியது. ஓர் ஆளுக்கு, ஒரு வங்கிக்கு 1,500 ரூபாய் வரை அரசு பொறுப்பு. வங்கியை யார் நடத்துகிறார்கள், எந்தச் சாதி, எந்தச் சபை என்ற விசாரணையே இல்லாமல் கிடைக்கிற பாதுகாப்பு இந்தியாவில் முதல் முறையாக வந்தது. 1884-இல் கார்டன் நோட்டுக்குக் கொடுத்ததை 1962-இல் வைப்புத்தொகைக்குக் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் அது இன்னும் தாமதம், 1979. அதுவும் 10,000 பவுண்ட் வரை, அதில் 75 சதவீதம்தான். பிறகு 20,000 ஆனது. இந்த 75 சதவீதம் என்ன செய்தது என்று பாருங்கள்.

ஆகா ஹசன் அபேதி 1972-இல் தொடங்கிய பி.சி.சி.ஐ. வங்கி லக்சம்பர்க்கில் பதிவானது, நடந்தது லண்டனிலிருந்து. எழுபதுகளில், எண்பதுகளில் இங்கே வந்த தெற்காசியர்களுக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு, ஆங்கில வங்கியின் மேலாளர் மேசை நீதிபதியின் மேசை மாதிரி இருந்தது. கடை வைக்கக் கடன் கேட்டால் ஆயிரம் கேள்வி. பி.சி.சி.ஐ.யில் நம் நிறத்தவர் உட்கார்ந்திருந்தார், நம் மொழி தெரிந்தவர், தேநீர் கொடுத்தார். ஏன் அங்கே போகமாட்டார்கள்? நானே இந்த ஊருக்கு வந்த புதிதில் விடுதிக் கடிதத்தை முகவரிச் சான்றாக ஏற்காத இரண்டு வங்கிகளைத் தாண்டி மூன்றாவதில் கணக்குத் தொடங்கினேன். ஏற்றுக்கொண்டது என்பதே தகுதி. நல்ல வங்கியா என்றெல்லாம் பார்க்கிற நிலையில் யாரும் இருப்பதில்லை.

1991 ஜூலை 5, வெள்ளிக்கிழமை, பேங்க் ஆஃப் இங்கிலாந்து அதை மூடியது. பல நாடுகளில் ஒரே சமயத்தில். வருடக்கணக்கான மோசடிக் கணக்குகள் வெளிவந்தன. 60,000 பவுண்ட் போட்டிருந்த கடைக்காரருக்கு உடனடியாகக் கிடைக்கக்கூடியது 15,000, மீதிக்குக் கலைப்பாளர்களிடம் காத்திருப்பு. சிலர் அன்றாடக் கொள்முதலுக்கே அந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தார்கள். 'நம்மவரை நம்பியதால் வந்த வினை' என்று அப்போது ஆங்கிலப் பத்திரிகை வாசகர் சிலருக்குத் தோன்றியிருக்கும். அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் மேற்குத் தீவுகள். சுமார் 30,000 பேர், கேலிக் மொழி, கடுமையான கிறிஸ்தவர்கள். அந்தத் தீவுகளின் ஊராட்சி மன்றம் பி.சி.சி.ஐ.யில் 23 மில்லியன் பவுண்ட் வைத்திருந்தது. அவர்களை அங்கே யாரும் தேநீர் கொடுத்து அழைக்கவில்லை. அனுமதி பெற்ற வங்கி, கூடுதல் வட்டி. ஆளுநர் விருந்தைப் பார்த்து அர்பத்நாட்டில் போட்ட மயிலாப்பூர் வக்கீலுக்கும் இவர்களுக்கும் என்ன பெரிய வேற்றுமை?

மேற்பார்வை தவறியது என்று பிங்கம் அறிக்கை 1992-இல் சொன்னது. கலைப்பாளர்கள் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் மீதே வழக்குப் போட்டார்கள். அதில் வங்கித் தரப்பு வழக்கறிஞரின் தொடக்க உரை மட்டும் 119 நாள் நடந்தது. இன்று என் உரை நீளம் என்று நினைப்பவர்கள் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். 2005-இல் வழக்கைக் கைவிட்டார்கள்.

பாதிக் காப்பீடு காப்பீடே இல்லை என்று இந்த நாடு புரிந்துகொள்ள இன்னொரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. 2007 செப்டம்பர் 14, நார்தர்ன் ராக் வங்கியின் வாசல்களில் வரிசை. அன்றைய விதிப்படி முதல் 2,000 பவுண்டுக்கு முழுக் காப்பு, அடுத்த 33,000-க்கு 90 சதவீதம். பத்தில் ஒன்று போகும் என்றால் யார்தான் வரிசையில் நிற்கமாட்டார்கள்? அடுத்த ஆண்டு 50,000 வரை முழுக் காப்பு, 2010 முடிவில் 85,000, 2025 டிசம்பர் முதல் 120,000 பவுண்ட். கனடாவில் 1967 முதல் இத்தகைய திட்டம் உண்டு, இப்போது ஒரு வகைக் கணக்குக்கு 100,000 டாலர். அது கிளை ரொறன்ரோவில் இருந்தாலும் பனிக்காட்டில் இருந்தாலும் ஒன்றுதான்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நடைமுறையாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் சட்டம் வேறாக இருக்கும். ஸ்டேட் வங்கி 2018-இலிருந்து இங்கே தனி நிறுவனம், அதில் போடும் பவுண்டுக்கு இந்த நாட்டுக் காப்பு. அதே வங்கியின் ஊர்க் கிளையில் இருக்கும் உங்கள் என்.ஆர்.இ. கணக்குக்கு இந்தியக் காப்பு, 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை, ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளையும் சேர்த்து. இன்னொன்று, பெயர் வேறாக இருந்தாலும் உரிமம் ஒன்றாக இருக்கலாம். ஹாலிஃபாக்ஸிலும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்திலும் பிரித்துப் போட்டால் சட்டத்தின் கண்ணில் அது ஒரே பானை.

இவ்வளவு சட்டத்துக்குப் பிறகும் ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் சீட்டு நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஊருக்கு உண்டியலில் பணம் போகிறது. என்னோடு வேலை பார்க்கும் பெண்களே கட்டுகிறார்கள். வட்டிக்கு ஆசைப்பட்டு என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும், தங்கையின் விசாவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன். வங்கி மூன்று வருட வரலாறு கேட்கும். சீட்டு பிடிக்கும் அக்கா கேட்கமாட்டார், அவருக்கு உங்கள் அம்மாவையே தெரியும். அவசரக்காரி நிறையத் தள்ளி முதலில் எடுத்துக்கொள்வாள், பொறுமைக்காரி கடைசிவரை இருந்து முழுதாக எடுப்பாள். அந்த 120,000 பவுண்ட் திட்டத்தில் இதற்கு இடமில்லை. சீட்டு பிடிக்கிற அக்கா ஊரைவிட்டுப் போனால் கேட்பதற்கு ஒரு நோட்டுப்புத்தகம்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும்.